நூறு வயது கார்... புது ஸ்பிரிங்! மாட்டிய பிறகு வண்டி ஏன் மக்கர் செய்கிறது?

நூறு வயதான காருக்கு ஸ்பிரிங் தொய்ந்துவிட்டது. ஆர்டர் போட்டு புது ஸ்பிரிங், புது புஷ், புது ஷாக்கிள் எல்லாம் வந்தாயிற்று. பழையதைக் கழற்றிவிட்டு புதியதை மாட்டினால் வேலை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைப்போம். ஆனால், பழைய கார்களோடு மல்லுக்கட்டுபவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள்.

புஷ் உள்ளே போகும், பின் போகாது. ஸ்பிரிங்கை மாட்டினால் வண்டி கழுத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கும். நேற்றுவரை ஓரளவு நேராக ஓடிய கார், புது பாகம் போட்ட அன்றைக்கு சாலையில் இப்படியும் அப்படியும் அலையும்.

காரணம் ரொம்ப எளிது. வாங்கிய பாகம்தான் புதுசு. அது போய் உட்காரும் இடம், அதைப் பிடிக்கும் போல்ட், பக்கத்தில் இருக்கும் அச்சு எல்லாமே பழசு. நூறு வருடத் தேய்மானத்தோடு ஒரு புது பாகத்தைச் சேர்த்துவைப்பதுதான் உண்மையான வேலை. அந்த வேலையில் எங்கெல்லாம் சறுக்கும் என்பதை, உலகமே அறிந்த ஒரு காரை வைத்துப் பார்ப்போம்.

வில் வண்டியின் வாரிசு

நம் ஊர் வில் வண்டியைப் பற்றி தாத்தா, பாட்டி சொல்லக் கேட்டிருப்பீர்கள். சாதாரண மாட்டு வண்டியில் போனால் இடுப்பு கழன்றுவிடும். வில் வண்டியில் அச்சுக்கும் கூண்டுக்கும் நடுவே இரும்பு வில் இருக்கும். சக்கரம் பள்ளத்தில் இறங்கினாலும் அந்த வில் வளைந்து கொடுத்து அதிர்ச்சியைக் குறைத்துவிடும்.

மேலை நாடுகளின் குதிரை வண்டிகளிலும் இதே கதைதான். மோட்டார் கார் வந்தபோது புதிதாக எதையும் யோசிக்காமல், குதிரை வண்டியின் வில்லை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். இன்றைக்கும் லாரிக்கு அடியில் குனிந்து பார்த்தால், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரும்புப் பட்டைகள் தெரியும். அதுவும் அதே குடும்பம்தான்.

இப்போது நம் காருக்கு வருவோம். அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனம் 1908-ல் அறிமுகப்படுத்திய மாடல் டி. செல்லப் பெயர் ‘டின் லிஸி’. 1927 வரை தயாரான இந்த கார், மொத்தம் ஒன்றரைக் கோடி என்ற எண்ணிக்கையைத் தொட்டது. அதனால்தான் இன்றும் ஓடும் நிலையில் நிறைய மாடல் டி கார்கள் இருக்கின்றன. அதற்கான உதிரி பாகங்களை இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள்.

இந்தக் காருக்கு மொத்தமே இரண்டு ஸ்பிரிங்தான். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. லாரியில் இருப்பதுபோல் நீளவாக்கில் இல்லாமல், இடது சக்கரத்திலிருந்து வலது சக்கரம் நோக்கிக் குறுக்கே கிடக்கும். ஷாக் அப்சார்பர் கிடையாது. முன் சக்கரங்களில் பிரேக்கும் கிடையாது. ஆக, வண்டி சாலையில் நேராகப் போவதும் போகாததும் இந்த இரண்டு ஸ்பிரிங்குகளையும் அவற்றைப் பிடித்திருக்கும் சின்னச் சின்னப் பாகங்களையும் நம்பித்தான் இருக்கிறது.

பாகங்களை ஒருமுறை தெரிந்துகொள்வோம். பட்டைகளில் மிக நீளமானது மெயின் பட்டை. அதன் இரண்டு முனைகளும் வளையமாகச் சுருட்டப்பட்டிருக்கும். அதற்குப் பெயர் கண். கண்ணுக்குள் இருக்கும் வெண்கலக் குழாய்தான் புஷ். அச்சின் இரு முனைகளிலும் கட்டைவிரல்போல் நிற்கும் தூண், பெர்ச். ஸ்பிரிங்கின் கண்ணையும் பெர்ச்சையும் ஊஞ்சல் சங்கிலிபோல் இணைப்பது ஷாக்கிள். எல்லாப் பட்டைகளையும் நடுவில் கோத்திருப்பது சென்டர் போல்ட். மொத்த ஸ்பிரிங்கையும் சேஸியோடு சேர்த்து இறுக்குவது யு போல்ட்.

கழற்றும்போதே ஆரம்பிக்கிறது ஆபத்து

காரை ஜாக்கி வைத்துத் தூக்கியாயிற்று, ஸ்பிரிங்கின் மேல் எடை இல்லை, இனி பயமில்லாமல் கழற்றலாம் என்று நினைத்தால் அது தப்புக் கணக்கு. வண்டியைத் தூக்கிய பிறகும், ஷாக்கிள்கள் இரண்டும் ஸ்பிரிங்கின் முனைகளை வெளிப்பக்கம் இழுத்தே பிடித்திருக்கும். நாண் பூட்டிய வில் மாதிரி. அதிலும் பின்பக்க ஸ்பிரிங் ரொம்ப முரட்டுத்தனமானது. ஷாக்கிளை சும்மா தட்டிக் கழற்றினால், முனை துள்ளி வந்து கையையோ முகத்தையோ பதம் பார்த்துவிடும்.

இதற்கென்றே ஸ்பிரிங் ஸ்பிரெடர் என்று ஒரு கருவி இருக்கிறது. இரண்டு கண்களுக்கும் நடுவே வைத்துத் திருகினால், ஸ்பிரிங்கைக் கொஞ்சம் விரித்துப் பிடித்துக்கொள்ளும். ஷாக்கிளை எடுத்த பிறகு மெதுவாகத் தளர்த்த வேண்டும். புது ஸ்பிரிங்கை மாட்டும்போதும் இதே கருவி தேவை. புதுசு என்பதால் வளைவு அதிகமாக இருக்கும், கண்ணுக்குக் கண் தூரம் குறைவாக இருக்கும், விரிக்காமல் ஷாக்கிளுக்கு எட்டவே எட்டாது.

பட்டைகளைத் தனித்தனியாகப் பிரிக்கும்போது இன்னொரு கவனம் தேவை. சென்டர் போல்ட்டின் நட்டை நேரடியாகக் கழற்றினால், கடைசி மரை விலகும்போது பட்டைகள் படாரென விரியும். அனுபவசாலிகள் முதலில் பட்டைகளை கிளாம்ப் போட்டு இறுக்கிவிடுவார்கள். பிறகு சென்டர் போல்ட்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நீளமான மரைக்கம்பி ஒன்றைச் செருகி, கிளாம்ப்பை எடுத்த பின் அதன் நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துவார்கள்.

அச்சில் இருக்கும் பெர்ச்சை எடுப்பது தனிப் போராட்டம். பல பத்தாண்டுத் துருவில் அது அச்சோடு ஒட்டியே போயிருக்கும். சுத்தியலால் ஓங்கி அடித்தால் மரை நசுங்குமே தவிர, பெர்ச் அசையாது. துரு இளக்கும் எண்ணெயை ஊற்றிக் காத்திருப்பது, சூடு காட்டுவது, பிரஸ்ஸில் வைத்து அழுத்துவது என்று பொறுமையாகத்தான் போக வேண்டும்.

புஷ் போகும்... பின் போகாது!

புது பாகங்கள் வந்ததும் மேஜையில் வைத்துப் பார்க்கிறோம். பின், புஷ்ஷுக்குள் வழவழவென்று போகிறது. அருமை! புஷ்ஷை ஸ்பிரிங்கின் கண்ணுக்குள் அழுத்தி ஏற்றுகிறோம். இப்போது அதே பின் உள்ளே நுழைய மறுக்கிறது.

பாகம் தப்பாக வந்துவிட்டது என்று கடைக்காரரைத் திட்ட வேண்டியதில்லை. புஷ்ஷின் வெளிவிட்டம் கண்ணைவிட ஒரு மயிரிழை பெரிதாகத்தான் இருக்கும். அப்போதுதான் கழலாமல் இறுக்கமாக உட்காரும். அப்படி அழுத்தி ஏற்றும்போது வெண்கலம் உள்பக்கமாகச் சுருங்குகிறது. அதனால், ஏற்றிய பிறகு ரீமர் போட்டு உள்விட்டத்தைச் சரிசெய்ய வேண்டும். இது இந்த வேலையின் ஒரு பகுதி, பழுது இல்லை.

பலரும் செய்யும் தவறு, ரீமருக்குப் பதில் டிரில் பிட்டை விடுவது. டிரில் போட்ட துளை துல்லியமான வட்டமாக வராது, அளவும் கூடிவிடும். பின் உள்ளே போகும், ஆனால் லொடலொட என்று ஆடும். இங்கே பேசும் இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் சில பங்குதான். ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால் 0.0254 மில்லிமீட்டர். கண்ணால் பார்த்துச் சொல்லும் சமாசாரம் இல்லை.

முன் சக்கரம் திரும்பும் கிங் பின்னில் இன்னும் ஒரு படி கூடுதல் கவனம் தேவை. அங்கே மேலே ஒரு புஷ், கீழே ஒரு புஷ். இரண்டையும் தனித்தனியாக ரீம் செய்தால் ஒவ்வொன்றும் சரியாக இருக்கும், இரண்டும் ஒரே நேர்க்கோட்டில் இருக்காது. பின்னைச் செருகினால் பிடிக்கும், ஸ்டீயரிங் கனக்கும். இரண்டு புஷ்களையும் ஒரே நேரத்தில் தாங்கிச் செல்லும் நீளமான ரீமர்தான் இதற்குச் சரி.

புஷ்ஷை ஏற்றும்போது எண்ணெய் போகும் வழி அடைபடவில்லையே என்றும் பார்க்க வேண்டும். துளை மறைந்துவிட்டால் மேலே எவ்வளவு எண்ணெய் விட்டாலும் உள்ளே ஒரு சொட்டு போகாது.

கழுத்தைத் தூக்கி நிற்கும் கார்

ஸ்பிரிங்கை மாட்டி, ஜாக்கியை இறக்கினால் முன்பக்கம் உயர்ந்து நிற்கிறது. உடனே ஸ்பிரிங்கைத் திருப்பி அனுப்பத் தோன்றும். கொஞ்சம் பொறுக்கலாம்.

முதல் கேள்வி, காரின் மேல் முழு எடையும் இருக்கிறதா? சீரமைப்பு வேலையில் பெரும்பாலும் பாடி இறக்கிவைக்கப்பட்டிருக்கும். சில நேரம் இன்ஜினும் இருக்காது. வெறும் சேஸியை வைத்து உயரத்தை முடிவு செய்யக் கூடாது. பாடி, இன்ஜின், இருக்கை எல்லாம் ஏறி, நாலு பேர் உட்கார்ந்த பிறகு பார்க்க வேண்டும். புது ஸ்பிரிங் ஓடி ஓடிக் கொஞ்சம் படியவும் செய்யும்.

இரண்டாவது கேள்வி, சரியான ஸ்பிரிங்தானா? மாடல் டி எல்லாம் ஒன்றுபோல் தெரிந்தாலும், திறந்த இரண்டு சீட்டர் வண்டியின் எடை வேறு, கண்ணாடி வைத்து மூடிய செடானின் எடை வேறு. கனமான பாடிக்கு உரிய பின் ஸ்பிரிங்கை லேசான வண்டியில் போட்டால், கட்டை வண்டியில் போவது மாதிரிதான் இருக்கும்.

மூன்றாவது, செலவைக் குறைக்க மெயின் பட்டையை மட்டும் புதிதாக வாங்கி, பழைய பட்டைகளோடு அடுக்குவது. புது பட்டையின் வளைவும் தொய்ந்த பட்டைகளின் வளைவும் ஒத்துப்போகாது. நடுவில் இடைவெளி விழும். சுமையை எல்லாப் பட்டைகளும் சேர்ந்து தாங்காமல் ஒன்றிரண்டின் மேல் விழும். பழைய பட்டைகளில், பக்கத்துப் பட்டையின் முனை உரசி உரசிப் பள்ளம் தோண்டியிருந்தால் அதையும் கவனிக்க வேண்டும். பட்டை உடைந்தால் பெரும்பாலும் அந்தப் பள்ளத்தில்தான் முதலில் விரிசல் விடும்.

நம் லாரிப் பட்டறைகளில் தொய்ந்த பட்டைக்கு மறுபடி வளைவு ஏற்றிக் கொடுக்கிறார்கள். பழைய காருக்கும் அது ஒரு வழிதான். ஆனால், எஃகைச் சூடாக்கி வளைத்தால் பதம் போய்விடும். மறுபடி முறையாகப் பதம் ஏற்றத் தெரிந்தவர் கையில்தான் கொடுக்க வேண்டும்.

இடது, வலது மாறினால் வம்பு

மாடல் டி-யில் அதிகம் பேர் ஏமாறும் இடம் முன்பக்க பெர்ச். பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால், ஒன்று இடதுக்கு, ஒன்று வலதுக்கு.

முன் அச்சு செங்குத்தாக நிற்பதில்லை. கிங் பின்னின் மேல்முனை கொஞ்சம் பின்பக்கம் சாய்ந்திருக்கும். சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சாய்வுக்குப் பெயர் காஸ்டர். வளைவில் திருப்பிய பிறகு ஸ்டீயரிங்கை விட்டால் சக்கரம் தானாக நேருக்கு வருவது இதனால்தான். இந்தச் சாய்வுக்கு ஏற்றபடிதான் பெர்ச்சின் கண்ணும் கோணம் வைத்துச் செய்யப்பட்டிருக்கிறது. பெர்ச்சை இடம் மாற்றி மாட்டினால், அச்சின் சாய்வு குறைந்துவிடும் அல்லது எதிர்ப்பக்கம் போய்விடும்.

அப்போது சக்கரம் நேருக்குத் திரும்பாது. கொஞ்சம் திருப்பினாலே தானாக இன்னும் திரும்பப் பார்க்கும். முன் பிரேக் இல்லாத காரில், இறக்கத்தில் இது நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

சோதிப்பது சுலபம். காரைப் பக்கவாட்டில் நின்று பார்த்து, தூக்குக்குண்டு நூலைத் தொங்கவிட்டு, கிங் பின்னின் மேல்முனை பின்னால் சாய்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டால் போதும். இரண்டு நிமிட வேலை.

ஸ்டீயரிங் தானாகத் திரும்பும் மர்மம்

எல்லாம் சரியாக மாட்டியும் வண்டி அலைகிறதா? யு போல்ட்டைப் பாருங்கள்.

மாடல் டி-யில் ஸ்டீயரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பி, காரின் குறுக்கே போகிறது. ஸ்டீயரிங் இருப்பது சேஸியில், சக்கரம் இருப்பது அச்சில். சேஸிக்கும் அச்சுக்கும் நடுவே இருப்பது ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் சேஸியில் இறுக்கமாக இல்லாமல் பக்கவாட்டில் கொஞ்சம் நகர்ந்தாலே, ஓட்டுநர் கை அசைக்காமலேயே சக்கரம் திரும்பும். தேய்ந்த ஷாக்கிளும் இதே வேலையைச் செய்யும்.

புது ஸ்பிரிங் மாட்டிய அன்றைக்கு யு போல்ட் இறுக்கமாகத்தான் இருக்கும். சில கிலோமீட்டர் ஓடியதும் பெயின்ட் நசுங்கும், பட்டைகள் படியும், இறுக்கம் தளரும். தளர்ந்த நிலையில் தொடர்ந்து ஓட்டினால் முழு அழுத்தமும் சென்டர் போல்ட்டின் மேல் விழுந்து அது வெட்டுப்படும். அதனால், முதல் ஓட்டம் முடிந்ததும் ஒருமுறை, சில நாள் ஓடிய பிறகு மறுமுறை இறுக்கிப் பார்ப்பது கட்டாயம். காட்டர் பின் போடாமல் வண்டியை வெளியே எடுக்கவே கூடாது.

அதற்காக எல்லாவற்றையும் இறுக்கிவிடக் கூடாது. யு போல்ட் அசையக் கூடாது, ஷாக்கிள் அசைய வேண்டும். ஷாக்கிளை முறுக்கிப் பிடித்துவிட்டால் ஸ்பிரிங் வேலையே செய்யாது. எது ஆட வேண்டும், எது ஆடக் கூடாது என்று தெரிந்துகொண்டாலே பாதி மெக்கானிக் ஆகிவிடலாம்!

14 ஸ்பேனரும் சேராது, 15-ம் சேராது

நம் வீட்டு டூல் பாக்ஸில் இருப்பது மில்லிமீட்டர் ஸ்பேனர்கள். அமெரிக்கக் காரில் இருப்பது அங்குல அளவு. 9/16 அங்குலம் என்றால் 14.29 மில்லிமீட்டர். 14 ஸ்பேனர் ஏறாது. 15 ஸ்பேனர் ஏறும், ஆனால் வழுக்கி, நட்டின் மூலையை மழுங்கடித்துவிடும். பிறகு அந்த நட்டை யாராலும் கழற்ற முடியாது.

இங்கிலாந்து கார்களில் குழப்பம் வேறு மாதிரி. பழைய ஆஸ்டின், மோரிஸ் வண்டிகளில் விட்வொர்த் வகை அளவுகள் வரும. அந்த ஸ்பேனரில் எழுதியிருப்பது நட்டின் அகலம் அல்ல, போல்ட்டின் தடிமன். அரை அங்குலம் என்று எழுதிய விட்வொர்த் ஸ்பேனர், அரை அங்குல நட்டைவிட எவ்வளவோ பெரிதாக இருக்கும். மரையும் வேறு. இரண்டு சுற்று கையால் திருகிவிட்டு, மூன்றாவது சுற்றில் இறுகினால் நிறுத்திவிட வேண்டும். ஸ்பேனர் போட்டு பலவந்தமாகத் திருகினால் இரண்டு மரையும் காலி.

ஷாக் அப்சார்பர் சேர்த்துவிடலாமா?

இந்த ஆசை இன்றைக்கு வந்தது இல்லை. மாடல் டி ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே ‘ஹாஸ்லர் ஷாக் அப்சார்பர்’ என்ற பெயரில் ஒரு துணைப் பாகம் அமெரிக்காவில் விற்பனையானது. பெயர்தான் ஷாக் அப்சார்பர், உண்மையில் அது கூடுதல் சுருள் ஸ்பிரிங். ஷாக்கிள் இருக்கும் இடத்தில் அதை மாட்டுவார்கள். ஃபோர்டு நிறுவனமே அடுத்து கொண்டுவந்த மாடல் ஏ காரில்தான் எண்ணெய் நிரம்பிய ஷாக் அப்சார்பரைக் கொடுத்தது.

சேர்க்க விரும்புபவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. புதிய பாகத்தைப் பிடித்துவைக்க அச்சிலோ சேஸியிலோ துளை போட்டால், அந்த இடம் பலவீனமாகும், திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவரவும் முடியாது. துளை போடாமல் கிளாம்ப்பில் நிற்கும் வகைதான் நல்லது. அதற்கும் முன்னால், துருப்பிடித்த பட்டைகளைப் பிரித்துச் சுத்தம் செய்து மசகு தடவிப் பார்க்கலாம். பாதிக் குலுக்கல் அதிலேயே நின்றுவிடும்.

வாங்கும் முன், மாட்டும் முன்

* பழைய பாகத்தைக் கழற்றும் முன் நாலாபக்கமும் மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எது இடது, எது வலது என்று சீட்டு எழுதிக் கட்டுங்கள்.

* கார் தயாரான ஆண்டை மட்டும் சொல்லி ஆர்டர் போடாதீர்கள். பட்டையின் அகலம், பட்டைகளின் எண்ணிக்கை, கண்ணுக்குக் கண் தூரம், கண்ணின் உள்விட்டம் ஆகியவற்றை அளந்து அனுப்புங்கள். நூறு வருடத்தில் எத்தனை கை மாறியதோ, எந்த ஆண்டுப் பாகம் உள்ளே இருக்கிறதோ!

* ஸ்பிரிங்கை மட்டும் மாற்றாதீர்கள். புஷ், ஷாக்கிள், சென்டர் போல்ட் மூன்றும் சேர்ந்தே மாற வேண்டும்.

* பெயின்ட் அடித்த பிறகு பொருத்திப் பார்க்காதீர்கள். முதலில் வெறும் இரும்பாகப் பொருத்திப் பார்த்து, அளவு சரியான பிறகு பெயின்ட்.

* முதல் ஓட்டம் காலி மைதானத்தில், மெதுவாக இருக்கட்டும். குழந்தைகளை ஏற்றிக்கொண்டு ஊர்வலம் போவது அதற்குப் பிறகு.

* பழைய பாகத்தைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். அடுத்த முறை அளவு எடுக்க, அந்த ஒரிஜினலைவிட நம்பகமான ஆதாரம் கிடையாது.

கோவை ஜீடி கார் மியூசியம் போன்ற இடங்களுக்கோ, பழைய கார் கண்காட்சிக்கோ குடும்பத்தோடு போனால், பளபளக்கும் பானெட்டோடு நின்றுவிடாதீர்கள். கொஞ்சம் குனிந்து முன் அச்சையும் பாருங்கள். கண், புஷ், ஷாக்கிள், பெர்ச் எல்லாம் அங்கேதான் இருக்கும். பக்கத்தில் நிற்கும் பிள்ளைகளுக்கு வில் வண்டிக் கதையையும் சொல்லிவிடலாம்.